பதினோராம் வளைவில் இறங்குகிறவர்கள்

கொட்டச்சேட்டு ஜனங்களிடம் ஒரு கஷ்டத்தைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மறுநாள் காலையில் பாதி ஊர் வீட்டு வாசலில் நிற்கும். கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம், பட்டதைச் சொல்கிறேன். சரி, கொஞ்சம் கோபமும் உண்டு.

எண்பத்தேழாம் வருஷம் நான் கொட்டச்சேடு வண்டியில் கண்டக்டர். தனியார் வண்டி. காலை ஆறு மணிக்கு ஊரில் புறப்பட்டு ஏற்காடு வந்து, இருபது வளைவும் இறங்கி, அடிவாரம் தாண்டிச் சேலம் போகும். சாயங்காலம் அதே வழியில் ஏறி வந்து ஊரிலேயே தங்கும். எனக்குச் சொந்த ஊர் குப்பனூர் என்பதால் என் ஜாகை டிரைவர் ஐயாக்கண்ணு வீட்டு முன்னறையில். அவர் கொட்டச்சேட்டுக்காரர், அந்த ஊரிலிருந்து பஸ் ஓட்டப் போன முதல் ஆள். அவர் சம்சாரம் கண்ணாயி அக்கா. அந்த அக்கா கையால் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்றுதான் எனக்குத் தொப்பை விழுந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை இறங்கிக்கொண்டிருந்தோம். பதினோராம் வளைவில் மஞ்சுப் பனிக்குள்ளிருந்து ஒரு லாரி திடீரென்று மூக்கை நீட்டியது. ஐயாக்கண்ணு அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்பக்கம் தப்பித்துவிட்டது. பின்னால் வலப்பக்கச் சக்கரம் கட்டைச் சுவரை இடித்துக்கொண்டு வெளியே போய் அந்தரத்தில் நின்றது. கீழே பள்ளம். கைப்பிரேக் அந்த வண்டியில் பேருக்குத்தான் இருந்தது. அண்ணன் கால்பிரேக்கை மிதித்தவர் மிதித்தபடியே, "அமீரு, எல்லாத்தையும் எறக்கு. மெதுவா எறக்கு," என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

நான் முன்வாசல் வழியாக ஒவ்வொருவராக இறக்கினேன். மூன்று அடிக்கு அப்பால் ஆள் முகம் தெரியாத மஞ்சு. அண்ணன் நிமிஷத்துக்கொரு தரம் "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொடுத்திருந்த டிக்கெட் நாற்பத்து மூன்று. ரோட்டில் தலைகளை எண்ணினேன். நாற்பத்து மூன்று இருந்தது. "எறங்கியாச்சுங்கண்ணா, நீங்களும் குதிச்சிருங்க," என்று கத்தினேன்.

அவர் காலை எடுத்தார். வண்டி ஒரு சாண் பின்னால் சறுக்கியது. அப்போது உள்ளேயிருந்து, "ஏனுங்க, இன்னும் ரெண்டு பழந்தானுங்க, பொறுக்கிட்டு வந்தர்றன்," என்று ஒரு குரல் கேட்டது.

ஊர்ப் பெரியவர் மூக்கன். கூடை கவிழ்ந்து உருண்ட ஆரஞ்சுப் பழங்களைக் கடைசி சீட்டுக்கு அடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மறுபடி பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. எஸ்டேட் ஆள் ஒருவன் சத்தம் கேட்டு ஓடி வந்து கூட்டத்தோடு நின்றிருக்கிறான். அவன் தலையையும் சேர்த்து நான் எண்ணியிருக்கிறேன். மூக்கனைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, இன்னொரு லாரி வந்து சங்கிலி போட்டு இழுக்கிறவரை முக்கால் மணி நேரம் அந்தக் கால் பிரேக்கிலிருந்து நகரவில்லை.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டி சறுக்கியதைக் கூடப் பாறை இடம் கொடுத்ததென்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அண்ணன் காலை எடுத்தது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் அவர் வண்டி ஏறவில்லை. ஜுரம் இல்லை, வலி இல்லை. ஏற்காட்டு டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை, ஓய்வு எடுக்கட்டும் என்றார். வீட்டு முன்னால் காப்பி காயப்போடும் களத்தோரம் ஒரு பலகையில் உட்கார்ந்திருப்பார். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். கெண்டைச் சதை கல் மாதிரி இறுகி நிற்கும்.

"சோறு திங்கறப்பவும் பிரேக்கு புடிக்கிறாரு தம்பி," என்றார் கண்ணாயி அக்கா. "காலை மடக்கி உக்காருங்கன்னா மடக்க மாட்டேங்கறாரு. நான் என்னத்தப் பண்றது?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

இதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. அண்ணனின் அக்கா குப்பாயி ஒரு முறை வைத்துவிட்டார். இன்ன நாளைக்கு இன்ன வீட்டுக்காரர் வந்து ஐயாக்கண்ணுவோடு உட்கார வேண்டும், அவனை ஒத்தையில் விடக் கூடாது. வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. ராகிக்களி, கோழிச்சாறு, பலாக்கொட்டை, கோயில் கயிறு. ஒருத்தி எனக்கும் பாவமென்று தர்காவிலிருந்து ஒரு கயிறு வாங்கி வந்தாள். நானே போகாத தர்கா.

வந்தவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. நன்றி சொல்கிறேன் என்று ஆளாளுக்கு அந்தக் காலையை முதலிலிருந்து சொன்னார்கள். ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கும் இன்பமேரி நான்காவது சீட்டிலிருந்து என்ன தெரிந்தது என்று சொல்வாள். "ஜன்னல்ல பாத்தனுங்கண்ணா, மரத்தோட உச்சி எனக்குக் கீழ இருக்குது. மாதாவே, அவ்வளவுதான்னு கண்ண மூடிக்கிட்டனுங்க." அவள் போனதும் அடுத்தவர் ஆறாவது சீட்டிலிருந்து ஆரம்பிப்பார். அந்த மனுஷன் மறக்கப் பார்ப்பதை நாற்பத்திரண்டு பேர் முறை வைத்து ஞாபகப்படுத்தினார்கள்.

எல்லாரிலும் மோசம் மூக்கன். தினமும் வந்தார். "ஒரு பழத்தையும் உடலியே நானு," என்று சிரிப்பார். "எல்லாத்தையும் பொறுக்கிட்டுத்தான எறங்குனன். ஐயாக்கண்ணு இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" அவர் சிரிக்கச் சிரிக்க அண்ணனின் வலது கால் தரையில் இன்னும் அழுந்தும். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

கண்ணாயி அக்காவின் பாட்டைக் கேட்கவே வேண்டாம். காப்பிப் பழம் பறிக்கிற நேரம் அது. விடியலில் செடிக்குப் போய்ப் பறித்து வந்து, களத்தில் பரப்பி, மணிக்கொரு தரம் புரட்டி, தூறல் போட்டால் தார்பாயை இழுத்து மூட வேண்டும். இதற்கு நடுவில் வருகிற ஒறம்பரை, விருந்தாளிக்கெல்லாம் வெல்லக் காப்பி வைக்க வேண்டும். உதவி செய்கிறோம் என்று இரண்டு பேர் களத்தில் இறங்கிப் பழத்தைப் புரட்டினார்கள். நான்கு நாள் காய்ந்ததையும் அன்றைக்குப் பறித்த ஈரத்தையும் ஒன்றாய்க் கலந்து, சுத்தமாக வாரி வைத்துவிட்டு, "வேல முடிஞ்சுதுங்க கண்ணாயி, நீங்க சித்த நேரம் படுங்க," என்றார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இவிங்கள வர வேண்டாம்னு சொல்லு தம்பி. நாஞ் சொன்னா மொறையில்ல. இவருக்கு ஒரு சீக்கு, எனக்கு ஊரே சீக்கு. காஞ்ச கொட்டையப் பொறுக்கறனா, வந்தவிங்களப் பாக்கறனா, இவுரு காலைப் பாக்கறனா? என்னயக் கொன்னு போட்டாலும் பரவால்ல, நிம்மதியாக் கொல்லச் சொல்லு."

நான் குப்பாயி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கண்ணாயி நொம்ப களச்சிருக்கறா போல," என்றார். மறுநாள் இரண்டு பேர் வருகிற இடத்தில் நான்கு பேர் வந்தார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் சேலத்திலிருந்து முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். ஐயாக்கண்ணு தை மூணாந்தேதி ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும். இல்லையென்றால், மாற்றாளாக ஓட்டிக்கொண்டிருக்கும் சேகரே நிரந்தரம். அந்தச் சேகரை ஊரில் யாருக்கும் பிடிக்காது. கூடையைப் பார்த்தால் நிறுத்த மாட்டான். அதைவிட முக்கியம், அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது. இருக்கிற காப்பிச் செடி வருஷத்தில் நான்கு மாதச் சோற்றுக்குத்தான் காணும்.

சேதி கேட்ட அரை மணி நேரத்தில் களத்தைச் சுற்றி முப்பது பேர். அக்கா பெரிய குண்டாவில் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல், கலந்துபோன கொட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மூக்கன்தான் ஆரம்பித்தார். "எங்கப்பன் காலத்துல பொதி மாடு வெச்சிருந்தம். அடிவாரத்துலருந்து அரிசி மூட்ட ஏத்தியாருவம். ஒரு மாடு ஒரு எடத்துல வழுக்கி உழுந்துருச்சுன்னு வெய்யி, அடுத்த தடவ அந்த எடம் வந்தாப் போதும், நின்னுக்கும். அடிச்சாலும் நகராது. அப்ப என்ன பண்ணுவம்? மூட்டைய எறக்கி நம்ம தோள்ல வெச்சுக்கிட்டு, மாட்டுக் கண்ணுக்குத் தெரியறாப்புல முன்னால நடப்பம். அது பின்னாலயே வந்துரும். பத்து நாளைக்கு அப்புடி நடந்தா, பதனோராம் நாளு அதும்பாட்டுக்குப் போயிரும். அந்த மாதிரி, அந்த வளைவுல நாங்க எல்லாரும் எறங்கி முன்னால நடக்கறம். நீ வெறும் வண்டிய ஓட்டியா."

"என்னய மாடுங்கறீங்களா?" என்றார் அண்ணன். பல நாட்களுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது.

"மாடுன்னா கொறச்சலா? அன்னிக்குப் பாரு, நான் பழத்தப் பொறுக்கறன், நீ பாட்டுக்கு அசையாம..."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பழக் கதைய நிறுத்துங்க," என்று கத்திவிட்டேன். "அண்ணன் அசையாம இல்ல. நான் எல்லாரும் எறங்கியாச்சுன்னு சொன்னன். தப்பா எண்ணிட்டன். என் பேச்ச நம்பி அவரு காலை எடுத்தாரு. நீங்க உள்ள இருந்தீங்க. வண்டி சறுக்குனது அதனாலதான். இப்பத் தெரிஞ்சுதா?"

மூக்கன் வாய் திறந்தபடி இருந்தது. கண்ணாயி அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"இத வாயில வெச்சுக்கிட்டா ரெண்டு மாசமா எங்கூட்டுல சோறு தின்ன?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. முப்பது வயசு ஆம்பிளை, முப்பது பேருக்கு முன்னால்.

"அவனத் திட்டாத," என்றார் அண்ணன் கண்ணாயி அக்காவிடம். "மஞ்சுல யாருக்குத் தெரியும்? எடுத்தது என் காலு. ஒரு மனுசன உள்ள வெச்சுக்கிட்டு எடுத்துட்டன். தூக்கத்துலயும் எடுக்கறன். இந்த மனுசன் தெனமும் வந்து எம் முன்னால சிரிக்கறாரு. நான் என்னன்னு சொல்லுவன்?"

மூக்கன் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து அண்ணன் காலடியில் போய் உட்கார்ந்தார். தரையை அழுத்திக்கொண்டிருந்த அந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கெண்டைச் சதையைக் கட்டைவிரலால் நீவினார்.

"எடுத்துட்டன்னு வெசனப்படறயே," என்றார். "திருப்பி வெச்சது யாரு காலு? அதும் இதேதான? அதயும் சேத்துச் சொல்லு."

அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணாயி அக்கா போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

குப்பாயி அக்காதான் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, "தப்பு ஆருதுன்னு பேசிக்கிட்டிருந்தா வேல நடக்காது. மூணாந்தேதி வண்டி எத்தன மணிக்கு?" என்றார்.

ஆறு மணிக்கு என்று அவருக்கே தெரியும்.

மூணாந்தேதி அண்ணன் ஏறி உட்கார்ந்தார். கண்ணாயி அக்காவும் வந்தார், டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஏற்காடு வரை ஒன்றுமில்லை. இருபதாம் வளைவிலிருந்து வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. பதினோராம் வளைவுக்கு மேலே நிறுத்தினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முப்பத்தெட்டு பேரும் இறங்கினார்கள். கூடை, மூட்டை, தூக்குப்போசி எல்லாவற்றோடும் வண்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடந்து போய், வளைவுக்குக் கீழே அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரிசையாக நின்றார்கள். கண்ணாடி வழியாக அண்ணன் உதடு அசைவதைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். என்னையும் கீழே போகச் சொன்னார்.

"அக்கா, நீங்களும் எறங்குங்க," என்றேன்.

"நான் எதுக்கு எறங்கறது? எங்கிட்ட டிக்கெட்டா வாங்குன?" என்றார். நகரவில்லை.

வண்டி வந்தது. முழு வளைவையும் அரை அடி அரை அடியாகத் திரும்பியது. கட்டைச் சுவரை இடிந்த இடத்தில் புதுசாகப் பூசியிருந்தார்கள். அதைத் தாண்டி எங்களிடம் வந்து நின்றபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அண்ணனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து கை பிரியவில்லை. எல்லாரும் மூட்டையோடு ஏறிக்கொண்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த ஊரை இவ்வளவு திட்ட மாட்டேன்.

நான்கு நாள் ஒழுங்காக நடந்தார்கள். ஐந்தாம் நாள் அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஆண்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டு ஒதுங்கப் போனார்கள். பெண்கள் வழியில் கீரை கிள்ளினார்கள். இன்பமேரி கல்லில் உட்கார்ந்து செருப்பிலிருந்து முள் எடுத்தாள். ஒருவர் கோவணத் துண்டைக் காயவைத்தார். வண்டி கீழே போய் நின்று ஆரன் அடித்தால், "இருக்கட்டுங்க, பையப் போலாம்," என்பார்கள். ஐந்து நிமிஷ வேலை இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கீழிருந்து வருகிற வண்டிக்காரன் ஒவ்வொருவனும் தலையை நீட்டிச் சிரித்தான். சேலத்தில் டைம்கீப்பர் ஏன் லேட்டு என்பார். நான் ஒரு நாள் பஞ்சர் என்பேன், ஒரு நாள் மாடு குறுக்கே வந்தது என்பேன். ஒரே வாரத்தில் ஐந்து பஞ்சர் சொன்னது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"சீக்கிரம் நடங்க," என்று நான் விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"நாங்க என்ன எங்களுக்காவா நடக்கறம்?" என்றார் மூக்கன். கையில் பாதி உரித்த ஆரஞ்சு. "ஐயாக்கண்ணுக்காவ நடக்கறம் பாயி. அவசரப்படுத்துனா அவுனுக்கு நல்லதில்ல."

பத்தாம் நாள் அண்ணன் முதல் தடவையாக முணுமுணுத்தார். "அங்க என்ன கல்யாணமா நடக்குது?" பன்னிரண்டாம் நாள் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வர்றீங்களா, நான் போகட்டுங்களா?" என்றார். சாயங்காலம் இதைக் கண்ணாயி அக்காவிடம் சொன்னேன். களத்தை வாரிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "திட்டுனாரா? நெசமாவா?" என்று மூன்று முறை கேட்டார். கோபப்பட்டதற்காக ஒரு மனுஷனுக்கு இனிப்புச் சீயம் சுட்டுப் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல மஞ்சு. பதினொன்றுக்கு மேலே வண்டி வழக்கம் போல் வேகம் குறைந்தது. வழக்கம் போல் எல்லாரும் எழுந்து மூட்டையைத் தலையில் தூக்கினார்கள். மூக்கன் பீடிக் கட்டை வெளியே எடுத்தார்.

வண்டி நின்றது. அண்ணன் திரும்பாமலே பேசினார்.

"உக்காருங்க."

"ஏம்ப்பா?" என்றார் மூக்கன்.

"உக்காருங்கன்னு சொன்னன். தெனமும் உங்களோட நொம்ப ரோதனையாப் போச்சு. நீங்க நடக்கற நடைக்கு நான் மதுரைக்கே போயிட்டு வந்துருவன். ஒருத்தரும் எறங்கப்படாது." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, "அமீரு. எல்லாரும் உள்ள இருக்கறாங்களா?" என்றார்.

அந்தக் காலைக்குப் பிறகு அவர் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இத்தனை நாளும் தானேதான் எண்ணினார்.

டிக்கெட் நாற்பத்தொன்று. பின்னாலிருந்து முன்னால் வரை ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நாற்பது. முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன். நாற்பது.

"இருங்கண்ணா," என்றேன். "ஒரு ஆளு கொறையுது."

"மெதுவா எண்ணு," என்றார். "அவசரமில்ல."

கடைசி சீட்டுக்குப் போய்க் குனிந்தேன். எழுந்து உட்கார்ந்த அமளியில் கூடை கவிழ்ந்து, மூக்கன் சீட்டுக்கு அடியில் கிடந்தார். கையில் இரண்டு பழம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படியோ ஆயிற்று. பழத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து சீட்டில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணுங்கண்ணா," என்றேன். "எல்லாரும் இருக்கறாங்க."

வண்டிக்குள் உட்புறம் பார்க்க டிரைவர் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி உண்டு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதில் பார்க்கவில்லை. பின்னால் திரும்பவும் இல்லை.

"செரி, ரைட்டு குடு," என்றார்.

இரண்டு விசில் கொடுத்தேன். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.